சோதனை வரும்போது வசனம் எப்படி கைகுடுக்கும்? வேலை இடத்துல நேர்மையா நிக்கிறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க சபையில வாலிபர் பைபிள் ஸ்டடி நான் எடுக்கிறேன். அதுக்கு முன்னாடி 22 வருஷம் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல வேலை, லோடு உள்ள வர்றது வெளிய போறது எல்லாம் என் கையெழுத்துலதான் நடக்கும். அதனால பசங்க எங்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விதான், ஆபீஸ்ல இப்படி நடக்குது அண்ணே, வசனம் எல்லாம் தெரியும் ஆனா அந்த நேரத்துல ஒண்ணும் ஞாபகம் வரலன்னு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன், பொறுமையா படிங்க. வசனங்க எல்லாம் நம்ம சபைகள்ல வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்புல உள்ளபடி, அதாவது பவர் ஐயர் தலைமையில 1871ல திருத்தி வந்தது.

கஷ்டம் வந்தாலும் சோதனைங்கிறோம், தப்பான ஆசை வந்தாலும் சோதனைங்கிறோம். எது சரி?

ரெண்டும்தான். ஆபிரகாமை தேவன் சோதித்தார்னு ஆதியாகமம் 22ல இருக்கு, அது ஒருத்தரோட விசுவாசம் எப்படிப்பட்டதுன்னு வெளிய கொண்டுவர்ற சோதனை. யாக்கோபு 1ஆம் அதிகாரத்துல பாத்தீங்கன்னா அதே சொல் ரெண்டு அர்த்தத்துலயும் வருது, சோதனையைச் சகிக்கிறவன் பாக்கியவான்னு சொன்ன கையோட, தேவன் ஒருத்தரையும் பொல்லாங்குக்கு இழுக்கிறவர் இல்ல, "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்"னு சொல்றாரு. புதிய ஏற்பாட்டோட மூல மொழியான கிரேக்கத்துலயும் ரெண்டுக்கும் ஒரே சொல்தான்.

நடைமுறையில ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கதவு வழியாத்தான் வரும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், கையில காசு இல்ல, இது கஷ்டம். அதே வாரம் ஒருத்தன் கவர் நீட்டுவான். கஷ்டம் இல்லாத மாசத்துல அந்தக் கவரை பாத்திருந்தா நமக்கு ஒண்ணுமே தோணியிருக்காது.

வசனம் தெரிஞ்சா போதுமா? தெரிஞ்சவங்களே விழுறாங்களே?

எனக்கு நடந்ததை சொல்றேன். ஃபேக்டரியில மாசம் ஒரு தடவை இரும்பு ஸ்கிராப் வெளிய போகும். லாரி முதல்ல காலியா வே பிரிட்ஜ்ல, அதாவது வண்டியோட எடை பாக்குற மேடையில ஏறும், எம்ப்டி வெயிட் எடுப்போம், அப்புறம் லோடு ஏத்திட்டு மறுபடி ஏறும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வியாபாரி பணம் கட்டணும். அன்னைக்கு எம்ப்டி 6,480 கிலோ. சாயங்காலம் ஷிஃப்ட் முடியுற நேரம், லோடு ஏத்திட்டு வந்து நிக்குது, டிஸ்ப்ளேல 11,220ன்னு காட்டுது. வியாபாரியோட ஆள் ரூமுக்குள்ள வந்து "டீ சாப்பிடுங்க சார்"னு சொல்லிட்டு ஸ்லிப் புக்குக்கு அடியில ஒரு கவரை தள்ளி வச்சிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டாரு. கவர் தடிமனா இருந்துச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், லாரியோட பின் டயர் பாதி பிளாட்ஃபார்முக்கு வெளிய, சிமெண்ட் விளிம்புல நிக்குது. அந்த டயர் தாங்குற எடையில ஒரு பங்கு சிமெண்ட் தரைக்கு போகுது, தராசுக்கு வரல. அவங்க தெரியாம நிறுத்தல.

எனக்கு அந்த வாரம்தான் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கடைசி தேதி.

அப்ப எனக்கு பிரசங்கம் எதுவும் ஞாபகம் வரல, அதுதான் உண்மை. நீதிமொழிகள் 11:1 வந்துச்சு, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." மூணாங்கிளாஸ்ல சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணது, சுமுத்திரைன்னா குறையில்லாத சரியான எடைன்னு அப்ப சத்தியமா தெரியாது, ஒப்பிச்சதுக்கு ஒரு பென்சில் பாக்ஸ் குடுத்தாங்க. நான் அது வரைக்கும் மனசுக்குள்ள அந்த விஷயத்துக்கு வேற பேரு வச்சிருந்தேன், "லேசா கண்டுக்காம விடுறது"ன்னு. வசனம் வந்து அதோட சொந்தப் பேரை சொல்லிருச்சு. கள்ளத்தராசு. நான் உக்காந்திருக்கிறதே தராசுக்கு பக்கத்துல.

இவ்வளவு வருஷத்துல நான் கண்டது இதுதான். சோதனை எப்பவும் புதுப்பேரு வச்சுக்கிட்டுத்தான் வரும், மாமூல், டீ காசு, தீபாவளி அன்பளிப்பு, கமிஷன், "எல்லாரும் வாங்குறதுதானே". வேதம் அதுக்கு "பரிதானம்"னு, அதாவது லஞ்சம்னு, பழைய பேரையே சொல்லும். "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்"னு யாத்திராகமம் 23:8. பார்வையுள்ளவனைக்கூட குருடாக்கும்ங்கிறதை கவனிங்க. கவரை பைக்குள்ள வச்சிருந்தா அந்த டயர் எனக்கு தெரிஞ்சே இருக்காது.

இயேசு வனாந்தரத்துல வசனம் சொன்னதும் சாத்தான் போயிட்டான். நானும் சொல்றேன், போகமாட்டேங்குதே?

மத்தேயு 4ஐ திரும்ப ஒரு தடவை மெதுவா வாசிங்க. ஒரு வசனம் சொன்னதும் அவன் போகல, அடுத்த சோதனையோட வந்தான், மூணு தடவை. இயேசு மூணு தடவையும் "எழுதியிருக்கிறதே"ன்னு பதில் சொல்றாரு, மூணும் உபாகமம் புஸ்தகத்துல 6, 8 அதிகாரங்கள்ல இருந்து. அந்த ரெண்டு அதிகாரமும் எதைப் பத்தின்னு பாத்தீங்களா? இஸ்ரவேல் ஜனங்க 40 வருஷம் வனாந்தரத்துல பசியா நடந்தப்ப என்ன கத்துக்கணும்னு மோசே சொன்னது. இவரு 40 நாள் பசியோட அதே மாதிரி வனாந்தரத்துல நிக்கிறாரு. ஏதோ கைக்கு கிடைச்ச வசனத்தை எடுத்து வீசல, தன் நிலைமைக்கு சரியா பொருந்துற இடம் எதுன்னு தெரிஞ்சு, அதுக்குள்ளயே நின்னுக்கிட்டு பேசுறாரு.

அதனால வசனத்தை மந்திரம் மாதிரி நினைக்காதீங்க தம்பி. சொன்னா ஆசை உடனே அடங்கிரும்னு எங்கேயும் வாக்கு குடுக்கல. ஆசை இருக்கும், பசி இருக்கும், பசி தீர்ந்த பிறகா இயேசு பதில் சொன்னாரு? பசியோடதான் சொன்னாரு.

சாத்தானும் வசனம் சொன்னானே, அப்ப எதை நம்புறது?

நல்ல கேள்வி, நிறைய பேரு கேக்கவே மாட்டாங்க. தேவாலயத்து உச்சியில நிறுத்தி, கீழே குதின்னு சொல்லிட்டு அவன் எடுத்தது 91ஆம் சங்கீதம். நம்ம வீட்டு வாசக்கால்ல ஒட்டி வச்சிருக்கிற அதே சங்கீதம். 11ஆம் வசனம் முழுசா "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி"ன்னு ஆரம்பிக்கும். அவன் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்"ங்கிறதை விட்டுட்டான். உச்சியில இருந்து குதிக்கிறது ஒருத்தரோட வழி இல்லையே. இயேசு அதுக்கு அந்த வசனம் தப்புன்னு சொல்லல, "கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக"ன்னு இன்னொரு வசனத்தை பக்கத்துல வச்சாரு.

நம்ம ஆளுங்களும் இதை செய்யுறோம். "கர்த்தர் எனக்கு இந்த வழியை திறந்தாரு"ன்னு சொல்லிட்டு லஞ்சம் குடுத்து சீட் வாங்குறோம். 2 இராஜாக்கள் 5ல கேயாசி அப்படித்தான். சீரியா படைத்தலைவன் நாகமானுக்கு குஷ்டம் சுகமானதுக்கு தீர்க்கதரிசி எலிசா ஒரு காசு வாங்கல, வேலைக்காரன் கேயாசி பின்னாடியே ஓடி ஒரு பொய் சொல்லி ரெண்டு தாலந்து வெள்ளியும் ரெண்டு மாற்று வஸ்திரமும் வாங்கிட்டு வந்து வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டான். ஓடுறதுக்கு முன்னாடி அவன் சொன்னது என்ன தெரியுமா, கர்த்தரோட ஜீவன்மேல ஆணையா ஏதாவது வாங்குவேன்னு. கர்த்தர் பேர்ல ஆணையிட்டு லஞ்சம் வாங்க ஓடுறான். இந்த அதிகாரத்தை வாசிச்சா எனக்கு இன்னும் பயமா இருக்கும், ஏன்னா அவன் வெளியாள் இல்ல, தீர்க்கதரிசி கூடவே இருந்தவன்.

எந்த வசனத்தை மனப்பாடம் பண்ணலாம்? எனக்கு ஞாபகசக்தி கம்மி.

புது வருஷ ஆராதனையில எல்லாரும் வாக்குத்தத்த அட்டை எடுக்குறோம், "உன்னை ஆசீர்வதிப்பேன்", "உன் எல்லையை விரிவாக்குவேன்", அதை பைபிளுக்குள்ள வச்சு வருஷம் முழுக்க பாக்குறோம். நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனா நம்மை ஒரு இடத்துல நிறுத்தி வைக்கிற வசனத்தை யாரும் அட்டையில எழுதித் தர்றதில்ல, அதை நாமதான் தேடி எடுக்கணும். உங்க வேலையில எந்த இடத்துல வழுக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். பில் போடுறவருக்கு ஒண்ணு, போன்ல வழுக்குற பையனுக்கு ஒண்ணு, ரிப்போர்ட்ல கையெழுத்து போடுற என்ஜினியருக்கு ஒண்ணு.

மூணு போதும். 119ஆம் சங்கீதம் 11, "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்." இந்த சங்கீதம் 176 வசனம், எபிரெய எழுத்து 22க்கும் எழுத்துக்கு 8 வசனமா கட்டியிருக்காங்க, அந்த 8 வசனமும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும், அதாவது நம்ம அகரவரிசை பாட்டு மாதிரி, மனசுல நிக்கணும்னே செஞ்ச அமைப்பு. ரெண்டாவது 1 கொரிந்தியர் 10:13. மூணாவது உங்க வழுக்கல் எதுவோ அதுக்கு நேரானது. வாய்விட்டு சொல்லுங்க, பஸ்ல போகும்போது முணுமுணுங்க, ஒரு வசனத்துக்கு ஒரு மாசம் எடுத்துக்கங்க. சண்டே ஸ்கூல்லயும், லீவுல நடக்குற விபிஎஸ் பைபிள் வகுப்புலயும் பிள்ளைங்க ஒப்பிக்கிறதை விளையாட்டா நினைக்காதீங்க, அர்த்தம் 30 வருஷம் கழிச்சு வரலாம்.

"திராணிக்கு மேலாக சோதிக்கமாட்டார்"னு இருக்கு. எனக்கு திராணிக்கு மேலதான் இருக்கு.

அந்த வசனத்தை பாதியில நிறுத்தாதீங்க. "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்"னு முடியுது. போக்குன்னா வெளியேற வழி. அது பல நேரம் ரொம்ப சாதாரணமா இருக்கும், எழுந்து ரூமை விட்டு வெளிய போறது, போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டு படுக்கப்போறது, கான்ட்ராக்டரை தனியா பாக்காம இன்னொருத்தரையும் கூட உக்கார வைக்கிறது. யோசேப்பு தன் எஜமான் போத்திபாரோட மனைவிகிட்ட விவாதம் பண்ணிக்கிட்டு நிக்கல, வஸ்திரத்தை அவ கையிலயே விட்டுட்டு ஓடிட்டான்.

இன்னொண்ணு, அவ தப்புக்கு கூப்பிட்டது ஒரு நாள் இல்ல, "நித்தம் நித்தம்"னு ஆதியாகமம் 39:10ல இருக்கு. ஓடுறதுக்கு முன்னாடி எத்தனையோ நாள் அவன் இல்லைன்னு சொல்லியிருக்கான், பக்கத்துல நிக்கவே சம்மதிக்கல. இந்த நித்தம் நித்தம்தான் கஷ்டமே. ஒரு பெரிய நாள்ல வீரமா நிக்கிறது எல்லாராலயும் முடியும், வாராவாரம் அதே ஆள் அதே சிரிப்போட வந்து நிக்கும்போதுதான் சலிச்சுப் போயிரும். தானியேல் 1:8ல "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு"ன்னு வருது பாருங்க, ராஜாவோட சாப்பாடு வேண்டாம்னு அவன் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் அதிகாரிகிட்ட போய் மரியாதையா கேக்குறான், பத்து நாள் பருப்பு மாதிரி மரக்கறியும் தண்ணியும் குடுத்து சோதிச்சுப் பாருங்கன்னு. முறைச்சுக்கிட்டு சண்டை போடல.

போன்ல வர்ற அசிங்கத்துக்கு என்ன செய்ய?

யோபு 31:1, "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான் ஒரு கன்னிகையின்மேல் நினைப்பாயிருப்பதெப்படி?" உடன்படிக்கைங்கிறது முன்னாடியே எழுதி கையெழுத்து போடுறது, ராத்திரி 11 மணிக்கு போனை கையில வச்சுக்கிட்டு போடமுடியாது. நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட சொல்லி வைங்க, அண்ணனோ, நண்பனோ, கல்யாணம் ஆனவங்கன்னா மனைவிகிட்டயே. சொல்ல வெக்கமா இருக்குன்னா அந்த வெக்கத்தாலதான் அது இன்னும் உங்களை விடாம பிடிச்சிருக்கு. இதைப்பத்தி நேர்ல பேசுறதுதான் நல்லது, இங்க இவ்வளவு போதும்.

நான் வாங்கல. ஆனா குடுக்காம என் வேலை நடக்கமாட்டேங்குது. பட்டா, சர்டிஃபிகேட், எல்லாத்துக்கும் கேக்குறாங்க. குடுக்கிறதும் பாவமா?

இது ரொம்ப வலிக்கிற கேள்வி, உக்காந்த இடத்துல இருந்து சுலபமா தீர்ப்பு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. உங்களுக்கு சேர வேண்டியதை தராம கழுத்தைப் பிடிச்சு வாங்குறது ஒண்ணு, அங்க நீங்க பறிகொடுத்த ஆளு. சேரக்கூடாததை குறுக்குல வாங்க நீங்களா நீட்டுறது வேற, வரிசையில நிக்கிற இன்னொருத்தரோட இடத்தை நீங்க பறிக்கிறீங்க.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018ல திருத்தினாங்க, அதுக்கப்புறம் லஞ்சம் குடுக்குறதும் நேரடியா குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா 7 நாளுக்குள்ள போலீஸ்லயோ விசாரணை அமைப்புலயோ புகார் குடுத்தா உங்க மேல குற்றம் இல்ல. தமிழ்நாட்டுல லஞ்ச ஒழிப்புத் துறைன்னு ஒண்ணு இருக்கு, குடுக்குறதுக்கு முன்னாடியே போய் சொன்னா நோட்டுல பினாப்தலீன் பவுடர் தடவி உங்ககிட்ட குடுத்து அனுப்புவாங்க, வாங்கின ஆளோட விரலை சோடியம் கார்பனேட் தண்ணியில முக்கினா தண்ணி ரோஸ் கலரா மாறும். இது பழிவாங்குறதுன்னு சில விசுவாசிங்க தயங்குறாங்க, எனக்கு அப்படி தோணல, பவுலே ரோம குடியுரிமையை சொல்லி சட்டத்தோட பாதுகாப்பை கேட்டாரு. தாமதமாகும், அலைய விடுவாங்க, அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

நேர்மையா இருந்தா கர்த்தர் உயர்த்துவாரு, சரிதானே?

உயர்த்தலாம். எப்பன்னு சொல்லமுடியாது. யோசேப்பு பதினேழு வயசுல வித்துப்போட்டாங்க, பார்வோன் முன்னாடி நிக்கும்போது முப்பது வயசு. நடுவுல அவன் நேர்மையா இருந்ததுக்கு கிடைச்ச முதல் பலன் ஜெயில். அப்புறம் ஜெயில்ல அவன் உதவி செஞ்ச பானபாத்திரக்காரன், அதாவது ராஜாவுக்கு பானம் ஊத்திக் குடுக்கிறவன், வெளிய போய் ரெண்டு வருஷம் அவனை மறந்தே போயிட்டான்.

சாட்சி சொல்லும்போது நாம இந்த நடுப்பகுதியை ரெண்டு வரியில முடிச்சிடுறோம், கேக்குற பிள்ளைங்க ஒரு மாசத்துல பலன் எதிர்பார்த்து ஏமாந்து போறாங்க. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூணு பேரும் அக்கினிச்சூளைக்கு முன்னாடி நின்னு, எங்க தேவன் விடுவிக்க வல்லவரு, விடுவிக்காம போனாலும் சிலையை வணங்கமாட்டோம்னாங்க. அந்த "போனாலும்" இல்லாத நேர்மை ஒரு வியாபாரம் மாதிரிதான், பலன் வரலைன்னா கடையை மூடிருவோம்.

ஏற்கனவே விழுந்துட்டேன். வாங்கிட்டேன், செலவும் பண்ணிட்டேன். இனி என்ன?

இந்தக் கேள்வியை கேக்குறவங்க குரல் எப்பவும் கம்மியாத்தான் இருக்கும். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்", நீதிமொழிகள் 24:16. தாவீது விழுந்தாரு, பேதுரு மூணு தடவை தெரியாதுன்னு சொன்னாரு, ரெண்டு பேரையும் தேவன் தூக்கிப்போடல. அறிக்கை பண்ணுங்க, மன்னிக்கிறதுக்கு அவர் உண்மையுள்ளவர்னு 1 யோவான் 1:9.

ஆனா அங்கேயே நிறுத்திடாதீங்க. லேவியராகமம் 6ல அநியாயமா எடுத்ததை திருப்பிக் குடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் குடுக்கணும்னு இருக்கு. வரி வசூலிக்கிற சகேயு அதுக்கும் மேல போயி ஆஸ்தியில பாதி ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினது நாலத்தனையா திருப்பித் தர்றேன்னு சொன்னான், இயேசு அவனை கேக்கவே இல்ல, அவனா எழுந்து நின்னு சொல்றான். யார்கிட்ட வாங்கினீங்களோ அவங்களுக்கே குடுக்க முடிஞ்சா குடுங்க. வேலை, வழக்கு சம்பந்தப்பட்ட பெரிய விஷயம்னா போதகர்கிட்டயும் ஒரு நல்ல வக்கீல்கிட்டயும் பேசிட்டு செய்ங்க, ஆனா தள்ளிப்போடாதீங்க.

அந்த ஸ்கிராப் லாரி என்ன ஆச்சு அண்ணே?

கவரை எடுத்துட்டு வெளிய போனேன், அந்த ஆள் கையில குடுத்து "வண்டியை கொஞ்சம் முன்னாடி எடுக்கச் சொல்லுங்க"ன்னேன். வேற ஒண்ணும் பேசல, கை நடுங்குச்சு. டிரைவர் மூணடி முன்னாடி எடுத்தாரு, டிஸ்ப்ளே ஓடி 12,060ல நின்னுச்சு. அதையே ஸ்லிப்ல எழுதினேன்.

பாராட்டு எதுவும் வரல. அடுத்த மாசமே என்னை ஸ்டோர்ஸ்ல இருந்து பேக்கிங் யார்டுக்கு மாத்திட்டாங்க, காரணம் சொல்லல, ரெண்டு வருஷம் அங்கேயே இருந்தேன். அதே வியாபாரிதான் தொடர்ந்து ஸ்கிராப் எடுத்தாரு.

ஃபீஸுக்கு வீட்டுக்காரி செயினை அடகு வச்சோம். கழட்டிக் குடுக்கும்போது "எவ்வளவு கிலோ மறைக்கப் பாத்தாங்க"ன்னு கேட்டா. 840ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "சரி, பேங்க் மூடுறதுக்குள்ள போய் வச்சிட்டு வாங்க"ன்னா. மீட்க 14 மாசம் ஆச்சு.